பொம்மிடிப் பக்கம் பார்த்துச் சுடு

குப்புராஜின் வலது கை வேலையில் இருந்தது. டேப் ரெக்கார்டரின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கேசட் உரசிப் போகும் ஹெட்டின் ஓரத்திலிருந்த சின்னத் திருகை ஊசி போன்ற ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை அளவு திருப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார். கேசட்டிலிருந்து வந்த கீச்சுச் சத்தம் கொஞ்சம் கூர்மையானது. மறுபடியும் ஒரு மயிரிழை. கை நடுங்கவே இல்லை. வாலிபத்திலிருந்து ரேடியோவும் டிவியும் பழுது பார்த்த கை அது.

இடது கை டீயில் கிடந்தது. சட்டைக்கை டம்ளருக்குள் போய் நனைந்து, மேசை விளிம்பு வழியாக டீ சொட்டிக்கொண்டிருந்தது. டீ ஆறியிருந்ததால் தப்பித்தார்.

"கை எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"இதோ." வலது கையை ஸ்க்ரூடிரைவரோடு தூக்கிக் காட்டினார்.

"இன்னொண்ணு?"

"அதுவும் இங்கதான் இருக்கும் சிஸ்டர். எங்க போவுது?"

அவர் மனைவி ராமக்காள் சமையல்கட்டிலிருந்து வந்து, அந்தக் கையை டம்ளரிலிருந்து எடுத்துத் துடைத்து மடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அது எத்தனையாவது தடவையோ.

நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள். பாப்பிரெட்டிப்பட்டியில் அப்போது எனக்கு நாலைந்து வீடு. அதில் குப்புராஜ் வீடு ஒன்று. அவருக்கு மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம். கை கால் பலம் பெரிதாகக் குறையவில்லை. நடப்பார், பேசுவார், பேப்பர் படிப்பார். போனது ஒன்றே ஒன்று, இடது பக்கம். கண் நன்றாகத் தெரிகிறது. கவனம்தான் அந்தப் பக்கம் போவதில்லை. சவரம் செய்தால் வலது கன்னம் மழமழவென்று இருக்கும், இடது கன்னத்தில் தாடி இருக்கும். செருப்பு ஒரு காலில் மட்டும் ஏறும். "இடது பக்கம் பாத்தீங்களா?" என்றால் "பாத்தேன்" என்பார். பொய் சொல்லவில்லை. அவருடைய உலகம் எதுவரை இருந்ததோ அதுவரை பார்த்திருக்கிறார்.

பேப்பரில் கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொல்வது, மேசையில் பரப்பிய புளியங்கொட்டைகளைப் பொறுக்கச் சொல்வது என்று பயிற்சிகள் உண்டு. வலப்பக்கக் கொட்டைகளைப் பொறுக்கிவிட்டு "முடிஞ்சுதுங்க" என்று கையைத் தட்டுவார். "சின்னப் புள்ளைங்க வெளையாட்டு" என்று ராமக்காளிடம் முணுமுணுப்பார். மனசு அதில் இல்லை. மனசு இல்லாத இடத்தில் மூளை வேலை செய்யாது.

அவர் மனசெல்லாம் தன் ரிப்பேர் கடையில் இருந்தது. பொம்மிடி ரோட்டின் தெற்குப் பக்கம் அவர் வீடு. எதிரே வடக்குப் பக்கம் கடை. நடுவில் ரோடு, அவ்வளவுதான் தூரம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே கடையைத் திறக்கிறேன் என்று இறங்கியிருக்கிறார். வலப்பக்கம் பார்த்தார், ரோடு காலி, நடந்தார். இடப்பக்கமிருந்து வந்த பால்காரரின் மொபெட் இடுப்பில் இடித்தது. எலும்பு முறியவில்லை. பால்தான் ரோடெல்லாம் ஓடியது. "எங்கிருந்துடா வந்தே?" என்று பால்காரரையே திட்டியிருக்கிறார். அன்றிலிருந்து கடைச் சாவி ராமக்காளின் இடுப்பில்.

மகள் வெண்மதி ஓசூரில் வேலை. போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பா தனியா ரோட்டைக் கடந்து கடையைத் தெறந்துட்டு, தனியா திரும்பி வரணும். நான் கண்ணால பாக்கணும். முடியலைன்னா ரெண்டு பேரும் எங்கூடக் கெளம்பணும். கடையைக் காலி பண்ணிக் குடுத்துடலாம்."

தப்பாகச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். குப்புராஜுக்குத்தான் சோறு இறங்கவில்லை. "ஓசூர்ல அவ வீடு மூணாவது மாடி. ஜன்னல்ல நின்னு கீழ போற வண்டிய எண்ணிட்டு இருக்கணும். அதுலயும் பாதிதான் எண்ணுவேனாம்" என்றார். தன் நோயைப் பற்றி அவர் அடித்த முதல் ஜோக் அது.

இனி அந்தக் கேசட்டுக்கு வருகிறேன்.

குப்புராஜ் இருபது வயதில் பெங்களூரில் ஒரு ரேடியோ கடையில் வேலைக்குப் போனவர். அங்கே யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன ஒரு கம்ப்யூட்டர் பரணில் கிடந்தது. இப்போதைய கம்ப்யூட்டர் போல இல்லை. தடித்த கீபோர்டு ஒன்றுதான், அதன் வயிற்றுக்குள்ளேயே கம்ப்யூட்டர். டிவியில் சொருகினால் படம் வரும். கேம் எல்லாம் பாட்டுக் கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரை அதோடு இணைத்து ஓடவிட்டால், கொஞ்ச நேரம் காது கிழிகிற மாதிரி கீச்சிட்டுவிட்டு, திரையில் கேம் வந்து நிற்கும். முதலாளி "வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று கொடுத்ததை இவர் பழுது பார்த்து, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கினார். கல்யாணத்துக்கு அப்புறம் ராமக்காள் இந்த வீட்டில் முதலில் கேட்ட சத்தமே அந்தக் கீச்சுதானாம். "மாப்ள வூட்ல பெருச்சாளி இருக்குதுன்னு எங்கம்மாகிட்ட சொன்னேன்" என்பாள்.

கேசட்டில் அவருக்குப் பிடித்தது ஒரே கேம். திரை முழுக்க நீலச் சுவர்கள், சந்து சந்தாக ஒரு புதிர்ப்பாதை. நடுவில் நம்ம ஆள், மஞ்சள் நிறம், கையில் துப்பாக்கி. சந்துகளில் பச்சை நிறத்தில் நாலு கால் பிராணிகள் ஊர்ந்து வரும். ராமக்காள் அதைப் பல்லி என்பாள். பல்லி நம்மைத் தொட்டால் செத்தோம், நாம் முதலில் சுட்டால் அது செத்தது. எல்லாப் பல்லியையும் சுட்டு முடித்தால் அடுத்த புதிர்ப்பாதை வரும். சுவர் மாறும், பல்லிகளின் வேகம் கூடும். இடது ஓரத்தில் ஒரு வாசல், வலது ஓரத்தில் ஒரு வாசல். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். பல்லிகளும் அப்படியே வரும். குப்புராஜ் ஆறு புதிர்ப்பாதை தாண்டியிருக்கிறார். ஏழாவதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை.

கடைக்குப் போக முடியாத கடுப்பில் அந்தக் கம்ப்யூட்டரை எடுத்து மாட்டினார். முதல் புதிர்ப்பாதையிலேயே செத்தார். மறுபடி செத்தார். அதனால்தான் அன்றைக்கு ஹெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"டேப்புல கோளாறு சிஸ்டர். ஒண்ணுமே இல்லாத எடத்துல என் ஆளு சாவுறான்."

பின்னால் நின்று பார்த்தேன். இடது வாசல் வழியாகப் பல்லி ஒன்று சாவகாசமாக வந்தது. நேராக நடந்து வந்து மஞ்சள் ஆளைத் தொட்டது. குப்புராஜ் வலப்பக்கச் சந்தைக் கண் கொட்டாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல, செத்துட்டான்."

புளியங்கொட்டையைத் தூக்கிப் போட்டேன். நோயாளியே பயிற்சிக்குச் சாதனம் செய்து கொடுக்கும்போது நமக்கென்ன கஷ்டம்.

ஆனால் பின்னால் நின்று "இடது, இடது" என்று எத்தனை கத்தினாலும் பலன் இல்லை. "பாத்துட்டேன்" என்பார், சாவார். வழி கிடைத்தது சோற்றுத் தட்டில்.

ஒரு மத்தியானம் ராமக்காள் களி போட்டிருந்தாள். கிழக்கே பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். தட்டின் வலது பாதிக் களியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "வெறுங்களியைப் போட்டிருக்கியே, கீரை எங்க புள்ள?" என்றார். கீரை இடது பாதியில் இருந்தது. நான் "இடது பக்கம்" என்று வாயைத் திறப்பதற்குள் ராமக்காள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

"வடக்கால பாருங்க. கீரைச்சட்டிய கமுத்தி வச்சிருக்கேன், கண்ணு தெரியலையா?"

குப்புராஜ் தலையை இடதுபுறம் திருப்பினார். கீரையைப் பார்த்தார். "அட" என்றார். பிசைந்து சாப்பிட்டார்.

எனக்கு விஷயம் பிடிபட்டது. இடது வலது எல்லாம் அவர் உடம்போடு சேர்ந்தது. உடம்பில் அது தொலைந்துவிட்டது. வடக்கு அவர் உடம்பில் இல்லை, ஊரில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து "மாட்டை மேக்கால ஓட்டு, தெக்கால நகந்து படு" என்றே பேசிப் பழகியவர். கிழக்கென்றால் சித்தேரி மலை, மேற்கென்றால் பொம்மிடி. எந்தப் பக்கவாதமும் மலையை நகர்த்தாது.

"ராமக்கா, கைய கழுவிட்டு வா. இன்னிக்கி உனக்கும் வேலை இருக்குது" என்றேன்.

டிவி வடக்குச் சுவரை ஒட்டிய மேசையில் இருந்தது. அதற்கு முன் உட்கார்ந்தால் முகம் வடக்கே. திரையின் இடது ஓரம் மேற்கு, பொம்மிடிப் பக்கம். சுடுகிற பட்டன் கீபோர்டின் இடது கோடியில் இருந்தது. அதையும் அவர் மறந்து மறந்து விட்டதால் அந்தப் பட்டன் ராமக்காளுக்கு. அவர் நடப்பார், இவள் சுடுவாள், திசையும் இவளே சொல்வாள்.

கீச்சு முடிந்து சுவர்கள் வந்தன. பல்லி இடது வாசலில் தலையை நீட்டியது.

"மேக்கால வருது."

அவர் தலை திரும்பியது. மஞ்சள் ஆளும் திரும்பியது. ராமக்காள் பட்டனை ஒரு குத்து குத்தினாள். பல்லி செத்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை.

"இன்னொண்ணு மேக்கால. கீழ்ச்சந்துல. ஏங்க, பொம்மிடிப் பக்கம் பாருங்கன்னா."

"சுடு புள்ள, சுடு, நான் திரும்பிட்டேன்."

"நீங்க செவுத்தப் பாத்து நின்னா நான் எத சுடறது?"

"செவுரு இல்ல, அது சந்து."

"சந்துன்னா என் மாமியார் சேலை மாதிரி இவ்ளோ அகலமாவா இருக்கும்?"

அதற்குள் செத்தார்கள். ஆனால் இந்தத் தடவை வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் இரண்டு என்று மூன்று பல்லி செத்திருந்தது. "இன்னொரு வாட்டி போடுங்க" என்றது ராமக்காள். காலமெல்லாம் அந்தக் கீச்சைத் திட்டியவள்.

அதற்கப்புறம் நான் போகாத நாளிலும் பயிற்சி நடந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்த வாடை வீட்டில் நிரந்தரமானது. பொங்கலுக்கு முறுக்கு சுடும்போதுகூட நடுவில் எழுந்து வந்து ஒரு ஆட்டம். நான் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாயைக் கட்டினேன். முதலில் "மேக்கால" என்று மெதுவாகச் சொல்லவேண்டும். பிறகு அவரே "பொம்மிடி" என்று சொல்லிக்கொண்டு திரும்பவேண்டும். பிறகு அந்தப் பட்டனில் அவருடைய இடது விரலே. விரல் மறந்துபோய் மடியில் விழுந்தால் ராமக்காள் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். நாலாவது புதிர்ப்பாதை தாண்டியது. ஐந்தாவது தாண்டியது. சவரத்தில் இரண்டு கன்னமும் மழமழத்தன. "பொம்மிடிக் கன்னம்" என்று அதைத் தடவிக் காட்டினார்.

வாசலில் நின்றும் பழக்கினோம். வீட்டு வாசல் வடக்கே பார்த்தது, டிவி மாதிரியே. ரோட்டை வலது பக்கம் அவராகவே பார்ப்பார். பிறகு "பொம்மிடி" என்று வாய்விட்டுச் சொல்லி இடது பக்கம் பார்ப்பார். பஸ் வருகிறதா, மொபெட் வருகிறதா, சொல்லுவார். எல்லாம் சரியாக இருந்தது. பொங்கல் முடிந்த ஞாயிறு வந்தது.

வெண்மதி காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பை பெரியது, காலியாகக் கொண்டுவந்திருந்தாள். அம்மா அப்பா துணியை அடைக்க என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்கு மட்டும் லீவு போட்டிருந்தாள். அன்றைக்கு மத்தியான பஸ்ஸில் கிளம்பவேண்டும்.

"கேம் ஆடி ஆடி சரியாயிட்டாருன்னு அம்மா போன்ல சொல்லுது" என்றாள் என்னிடம். "நீங்களும் இதுக்கு உடந்தையா சிஸ்டர்?"

"உடந்தைதான். நின்னு பாரு" என்றேன்.

ராமக்காள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். குப்புராஜ் வாசலில் நின்றார். வலப்பக்கம் பார்த்தார். "பொம்மிடி" என்றார், இடப்பக்கம் பார்த்தார். டவுன் பஸ் ஒன்று வந்தது, நின்று போகவிட்டார். மறுபடியும் இரண்டு பக்கமும். நடந்தார். ரோட்டின் நடுவில் மறுபடி ஒரு தடவை "பொம்மிடி". அந்தப் பக்கம் ஏறிவிட்டார். ஷட்டரைத் தூக்கிய சத்தம் இங்கே கேட்டது. ராமக்காள் என் கையைக் கிள்ளினாள், தோல் சிவந்தது. வெண்மதி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கடைக்குள் விளக்கைப் போட்டு, ஒட்டடை தட்டி, பக்கத்து டீக்கடைக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டு நலம் விசாரித்துவிட்டு, ஷட்டரை இறக்கினார். திரும்பினார். ரோட்டோரம் வந்து நின்றார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பொம்மிடி" என்று சொல்வது உதட்டில் தெரிந்தது. தலையைத் திருப்பிப் பொம்மிடிப் பக்கம் நன்றாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இறங்கி நடந்தார்.

கிழக்கேயிருந்து தக்காளி ஏற்றிய லோடு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"கெழக்கால," என்று ராமக்காள் போட்ட சத்தத்தில் டீக்கடையில் கிளாஸ் விழுந்தது. குப்புராஜ் ரோட்டின் நடுவில் கல் மாதிரி நின்றார். ஆட்டோ அவருக்கு முன்னால் வளைந்து, இரண்டு தக்காளிக் கூடை சரிந்து நின்றது.

"பெருசு, மலையளவு வண்டி வருது, தெரியலையா?" என்றான் டிரைவர். கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டே, "வூட்ல யாரும் இல்லையா இவருக்கு?" என்று எங்களையும் கேட்டுவிட்டுப் போனான்.

வெண்மதி ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். பையை எடுத்து ஜிப்பைத் திறந்தாள். அப்பாவின் வேட்டிகளை மடிக்க ஆரம்பித்தாள். ராமக்காள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்லா இருந்ததே, போகும்போது நல்லா இருந்ததே என்று நானும் மனசுக்குள் ரோட்டைத் திரும்பத் திரும்பக் கடந்து பார்த்தேன். பிடிபடவில்லை.

கண்டுபிடித்தது குப்புராஜ்தான். டிவி முன்னால் போய் உட்கார்ந்து, அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது ஓரத்தைத் தொட்டார். எழுந்து திரும்பி, டிவிக்கு முதுகைக் காட்டி நின்றார். கையை முன்னால் நீட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், நாம ஒரு வாசலுக்குத்தான் காவல் போட்டிருக்கோம்."

"என்ன சொல்றீங்க?"

"போறப்ப நான் வடக்கே பாத்துப் போறேன், எனக்குத் தெரியாத பக்கம் பொம்மிடி. வர்றப்ப தெக்கே பாத்து வர்றேன். அப்ப பொம்மிடி தெரியுற பக்கமா வந்துடுது. தெரியாத பக்கம் சித்தேரி. பொம்மிடி பொம்மிடின்னு பாத்துட்டு சித்தேரிய உட்டுட்டேன். பல்லி அந்த வாசல்ல வந்துடுச்சு."

ராமக்காள் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்க சிஸ்டர்" என்றாள். ஊரில் பிறந்த மூன்று பேர், திசை தெரியாமல் தூங்கக்கூட மாட்டோம், மேற்கே பார்த்தால் போதும் என்று அவரைத் தயார் செய்திருக்கிறோம். திசையை வைத்தே பழகினதால் வந்த வினை. இடது வலது என்றே பேசுகிற வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தத் தப்பு வராது.

"டிவிப் பெட்டியத் திருப்பணும்" என்றார் குப்புராஜ்.

"அப்பா, இது வெளையாட்டு இல்ல. இன்னிக்கி அந்த வண்டிக்காரன் பிரேக் போடலைன்னா?" வெண்மதி வேட்டியை மடித்தபடியே கேட்டாள்.

"போட்டான் இல்ல? நாளைக்கி மத்தியானம்தான பஸ்ஸு. அதுவரைக்கும் எனக்குக் குடு."

"குடுத்தா?"

"நாளைக்கி காலையில ரெண்டு வாட்டி போயிட்டு ரெண்டு வாட்டி வர்றேன். ஒரு வாட்டி உட்டாலும் நானே பையத் தூக்கிட்டு முன்னாடி நடக்குறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "ரோட்டுல நான் கூட நிப்பேன். கை எட்டுற தூரத்துல" என்றேன். வேட்டியைக் கட்டிலில் வைத்தாள். பைக்குள் போகவில்லை, அலமாரிக்கும் போகவில்லை.

மேசையைத் தெற்குச் சுவருக்குத் தூக்கினோம். அங்கே பிளக் இல்லை. ஜங்ஷன் பாக்ஸ் ஒயரைக் கூடம் குறுக்கே இழுத்து, மிதிக்காமல் இருக்க வெண்மதி அதன்மேல் பாயைப் போட்டாள். கட்டில் வாசல் பக்கம் போனது. கீச்சு ஆரம்பித்தது. வெண்மதி காதைப் பொத்திக்கொண்டு, "சின்ன வயசுல இதுக்குப் பயந்துதான் நான் படிச்சு ஊரை விட்டே போனேன்" என்றாள்.

முதல் ஆட்டம் படுதோல்வி. அவர் மண்டையில் பழைய மேப் ஒட்டியிருந்தது. திரையின் மேல்பக்கம் வடக்கு, இடது ஓரம் பொம்மிடி. இப்போது இடது ஓரம் சித்தேரி. ராமக்காள் "கெழக்கால" என்று கத்தினால் அவர் வலப்பக்கம் திரும்பிக் காலிச் சந்தைச் சுட்டார். இரண்டாவது ஆட்டமும் அப்படியே. மூன்றாவதில் ராமக்காள் மேசையைத் தட்டினாள்.

"ஏங்க, மலை எங்கீங்க இருக்குது? கடையில இருந்து நம்ம வூட்டுக்கு வர்றப்ப மலை எந்தப் பக்கம்? அந்தப் பக்கம் சுடுங்க."

அவர் கண்ணை மூடினார். கடை வாசலில் போய் நின்றுவிட்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது தலை இடதுபுறம் திரும்பியிருந்தது. அங்கே பல்லி இருந்தது. இடது விரல் தானாகக் குத்தியது.

"செத்துச்சு" என்றாள் வெண்மதி. தன்னையறியாமல் பாயில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் கூடத்தில் யாருக்கும் உட்கார இடம் போதவில்லை. இரண்டாவது புதிர்ப்பாதை. மூன்றாவது. "சித்தேரி, சித்தேரி" என்று வெண்மதி கத்த, "அவரு பாத்துட்டாரு, நீ கத்தாத" என்று ராமக்காள் கத்த, நான் இரண்டு பேர் வாயையும் அடைத்தேன். "நாளைக்கி ரோட்டுல உங்க குரல் இருக்கக்கூடாது" என்றேன். அப்புறம் சத்தமில்லாமல் ஆட்டம். அவர் உதடு மட்டும் அசைந்தது. நாலு, ஐந்து. மத்தியானச் சாப்பாடு ஆறிப் போனது. ஆறாவது தாண்டியபோது அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. ஏழாவது புதிர்ப்பாதை வந்தது. சுவர் நீலமில்லை, சிவப்பு. அவரைத் தவிர நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

இடது வாசலில் ஒன்று, சுட்டார். கீழ்ச்சந்தில் இடது பக்கம் ஒன்று, சுட்டார். மறுபடி இடது வாசல், சுட்டார். இன்னும் இரண்டே பல்லி. இடது பக்கத்தையே முறைத்துக்கொண்டு நின்றார். வலப்பக்கமிருந்து ஒன்று வந்து தொட்டது. செத்தார்.

ராமக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோய் வந்த நாளிலிருந்து குப்புராஜ் வலப்பக்கம் பார்க்காமல் செத்தது அதுதான் முதல் தடவை. நல்ல திடகாத்திரமான மனுஷன் சாகிற சாவு அது.

"சிரிக்காதீங்க சிஸ்டர். ரோட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்குது" என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் காலை ஏழு மணி பஸ் போனதும் வாசலில் நின்றோம். அவருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நான். வீட்டு வாசலிலேயே அம்மாவும் மகளும் வாயில் முந்தானையும் துப்பட்டாவுமாக. போகும்போது இரண்டு பக்கமும் பார்த்தார், "பொம்மிடி" என்றார், கடந்தார். ஷட்டரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். ரோட்டோரம் நின்று வலப்பக்கம் பொம்மிடியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை இடதுபுறம் திருப்பி, தூரத்து மலையைப் பார்த்து, "சித்தேரி" என்றார். கரும்பு டிராக்டர் ஒன்று வந்தது. அது போகும்வரை நின்றார். கடந்தார். வாசலுக்கு வந்தவர் உள்ளே வராமல் திரும்பி மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். நான் கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

வெண்மதி கட்டிலில் கிடந்த வேட்டிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். "வாரத்துக்கு ஒரு வாட்டி வருவேன். வந்து பாப்பேன்" என்றாள். மத்தியான பஸ்ஸுக்கு அவள் மட்டும் போனாள். பெரிய பையில் முறுக்கு இருந்தது.

அதற்கு முன்னால் காலையிலேயே இன்னொரு வேலை முடித்துவிட்டோம். குப்புராஜ் கடையில் ஒரு மிக்ஸியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நானும் ராமக்காளும் வெண்மதியும் மேசையைக் கிழக்குச் சுவருக்குத் தூக்கி வைத்தோம். சந்தைக்குப் போகிற வழி கிழக்கே போகிறது. அந்தப் பக்கம் நடந்தால் அவருக்குத் தெரியாத பக்கம் வடக்கு.